அப்போ ஏ-1 குப்பியைத் திறக்கும் முன்: புதுச்சேரி, கடலூர் ஆய்வகங்களுக்கான செய்முறை

மறுசேர்க்கை முறையில், அதாவது மரபணுவை வளர்ப்புச் செல்களில் புகுத்தித் தயாரித்த மனித அப்போ ஏ-1 புரதத்தை முதன்முறையாக வாங்கும் ஆய்வு மாணவர்கள் பலர், "குப்பி காலியாக வந்திருக்கிறதே, திருப்பி அனுப்பிவிடலாமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். குப்பி காலியாக இருக்காது. 500 மைக்ரோகிராம் என்பது அரை மில்லிகிராம்தான். உறையவைத்து உலர்த்திய அந்த அளவுப் புரதம், கண்ணாடியில் மூச்சுக்காற்று பட்டது போல மங்கலாக அடியில் படிந்திருக்கும், சில சமயம் மூடியின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்கே தெரியாமல் போகும். புதுச்சேரியின் காலாப்பட்டிலோ கோரிமேட்டிலோ கடலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலோ இருந்துகொண்டு இந்தக் குப்பியைக் கையில் எடுப்பவர், அது வந்து சேரும் நாள் முதல் செல்களின் மேல் இடும் நாள் வரை என்ன செய்ய வேண்டும் என்பதை நான் செய்து பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன். குப்பியோடு வரும் தாளில் இருப்பவை பெரும்பாலும் குளிர்நாட்டு ஆய்வகத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதால், நம் ஊர்க் காற்றையும் வெயிலையும் கணக்கில் சேர்த்தே இதை எழுத வேண்டியிருக்கிறது.

புரதத்தைப் பற்றிச் சில வரிகள். அப்போ ஏ-1 கல்லீரலிலும் சிறுகுடலிலும் உருவாகிறது. 'நல்ல கொழுப்பு' என்று மக்கள் சொல்லும் எச்.டி.எல். துகள்களில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் இதுதான். செல்லின் மேற்சவ்விலுள்ள ஏ.பி.சி.ஏ.1 என்னும் கடத்தியிடமிருந்து கொலஸ்டிராலையும் பாஸ்போலிப்பிடையும் பெற்றுக்கொண்டு, அவற்றைக் கல்லீரலுக்குக் கொண்டுசெல்லும் பயணத்தைத் தொடங்கிவைப்பது இதன் வேலை. அந்தக் கடத்தி பழுதானால் எச்.டி.எல். ஏறக்குறைய இல்லாமலே போகும் டாஞ்சியர் நோய் வருகிறது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவிலுள்ள டாஞ்சியர் தீவுக் குடும்பம் ஒன்றில் முதலில் கண்டறியப்பட்ட அந்த நோய்க்கு ஏ.பி.சி.ஏ.1 மரபணுவே காரணம் என்பது 1999-இல் உறுதியானது.

புரதத்தின் உடலமைப்பைப் புரிந்துகொண்டால் மற்ற எச்சரிக்கைகள் எல்லாம் தாமாகவே விளங்கும். இதன் சுருள்களில் ஒரு பக்கம் எண்ணெயை நாடும், மறுபக்கம் தண்ணீரை நாடும். சவர்க்காரத்தின் குணம் இது. கொழுப்பைச் சுமக்க உதவும் இதே குணத்தால்தான் அது பிளாஸ்டிக் சுவரில் ஒட்டுகிறது, குலுக்கினால் நுரைக்கிறது, செறிவு கூடினால் தன்னோடு தானே கூட்டுச்சேர்கிறது.

வாங்கும்போது

முதிர்ந்த அப்போ ஏ-1 புரதத்தில் 243 அமினோ அமிலங்கள் உண்டு. எடை ஏறத்தாழ 28 கிலோ டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). விற்பனைப் பட்டியல்களிலோ 'அஸ்பார்டிக் 25 முதல் குளூட்டமின் 267 வரை' என்று போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான்: செல் முதலில் 267 அமினோ அமிலங்களோடு கட்டுகிறது, பிறகு முன்னால் உள்ள 24 வெட்டப்பட்டுவிடுகின்றன. இந்த 24 வித்தியாசம் தெரியாமல் குழம்புவோர் உண்டு; இத்தாலியின் லிமோனே கிராமத்துக் குடும்பத்தில் கண்டறியப்பட்ட 'மிலானோ' என்னும் மாறிய வடிவத்தைப் பழைய கட்டுரைகள் 173-ஆம் இடத்து மாற்றம் என்றும், மரபணுப் பட்டியல்கள் 197-ஆம் இடத்து மாற்றம் என்றும் குறிப்பது இதனால்தான்.

ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்ததா, மனித செல்லில் தயாரித்ததா என்று பாருங்கள். இயல்பான வடிவத்தில் சிஸ்டீன் கிடையாது, செயல்படச் சர்க்கரைச் சங்கிலிகளும் தேவையில்லை, ஆகவே ஈ.கோலைத் தயாரிப்பைக் குறைவானது என்று ஒதுக்க வேண்டியதில்லை, விலையும் குறைவு. ஆனால் அதோடு பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்னும் நச்சும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பின்னால் பார்ப்போம். பிரித்தெடுக்க வசதியாகச் சேர்க்கும் ஹிஸ்டிடின் வால் உள்ளதா, கரைசலில் அல்புமின் என்னும் வேறு புரதம் சேர்த்திருக்கிறார்களா என்ற இரண்டையும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அல்புமின் சேர்த்த குப்பி, செல்லிலிருந்து எவ்வளவு கொலஸ்டிரால் வெளியே வருகிறது என்று பார்க்கும் கொலஸ்டிரால் வெளியேற்றச் சோதனைக்கு உதவாது. அல்புமினும் தன் பங்குக்குக் கொலஸ்டிராலையும் கொழுப்பு அமிலங்களையும் பிடித்துக்கொள்ளும் என்பதால், வந்த விளைவு எதனால் வந்தது என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது.

'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று குப்பியில் அச்சிட்டிருப்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அத்தை ஒருமுறை, "நல்ல கொழுப்பை ஊசியாகவே போட்டுக்கொள்ள முடியாதாப்பா?" என்று கேட்டார். மனித ரத்தத்திலிருந்து பிரித்துத் தூய்மையாக்கிய அப்போ ஏ-1-ஐ மாரடைப்பு வந்த 18,000-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்த ஏஜிஸ்-2 ஆய்வின் முடிவு 2024-இல் வெளிவந்தது. 90 நாளுக்குள் நேரும் இதய நிகழ்வுகளை அது குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. மருந்துக்கென்றே தயாரித்ததன் கதையே இப்படி என்றால், ஆய்வகக் குப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வந்து சேரும்போது

நமக்கு வரும் பெட்டி பெரும்பாலும் சென்னை விமான நிலையத்தில் இறங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகவோ திண்டிவனம் வழியாகவோ வண்டியில் வருகிறது. எந்தக் கிழமையில் அனுப்புகிறார்கள் என்பது விலையை விட முக்கியம். ஒரு சனிக்கிழமை மாலை, கூரியர்காரர் ஒருவர் எங்கள் பெட்டியைக் காவலாளியின் அறையில் வைத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை திறந்தபோது உலர்பனிக்கட்டி இருந்த பையில் ஒரு துகளும் மிஞ்சவில்லை. உலர்தூளாக வந்த குப்பி பிழைத்தது. அதோடு கரைசலாக வந்த இன்னொரு புரதம் வீணானது. அதன் பிறகு திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமை மட்டுமே அனுப்பச் சொல்லி ஆணையிலேயே எழுதுகிறோம், முடிந்த வரை உலர்தூளாகவே கேட்கிறோம்.

உலர்பனிக்கட்டியைக் கையுறையோடு எடுங்கள். அது மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே இருக்கும். பெட்டியை மூடிய சிறு அறையில் திறக்க வேண்டாம். மூடி தளர்ந்த கரைசல் குப்பியை உலர்பனிக்கட்டியோடு வைத்தால், கரியமிலவாயு உள்ளே புகுந்து கரைசலை அமிலமாக்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

திறப்பதும் கரைப்பதும்

அதிகத் தவறு நடக்கும் இடம் இதுதான், அதுவும் கடலோர ஊரில். 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் பனிநிலை ஏறத்தாழ 25 டிகிரி. அதாவது 25 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பொருளின் மேலும் அந்தக் காற்று நீராக வடியும். ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி மூடிக்கொள்கிறதே, அதே சங்கதிதான். ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறந்தால், பார்க்கக்கூட முடியாத அந்தப் புரதப் படலத்தின் மேல் காற்றிலிருந்த தண்ணீர் இறங்கிவிடும். உலர்த்தியதன் பயன் அந்த நொடியில் போய்விடும்.

ஆகவே குப்பியை மூடியபடியே, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகள் உள்ள டெசிக்கேட்டர் என்னும் மூடிய பாத்திரத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். மணிகள் நீலமாகவோ ஆரஞ்சாகவோ தம் உலர்ந்த நிறத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஐப்பசியில் எங்கள் டெசிக்கேட்டர் மணிகளை மாதம் இருமுறை அடுப்பில் வறுக்க வேண்டியிருக்கிறது. வெளியே எடுத்ததும் குப்பியின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். விரலில் ஈரம் பட்டால் இன்னும் நேரம் வரவில்லை.

பிறகு சென்ட்ரிஃப்யூஜில் அரை நிமிடம் சுழற்றி, மூடியில் ஒட்டியதை அடிக்கு இறக்குங்கள். குப்பியோடு வரும் சான்றிதழில் சொல்லிய திரவத்தைச் சொல்லிய அளவில் சேருங்கள். 500 மைக்ரோகிராமுக்கு 1 மில்லிலிட்டர் கிருமிநீக்கிய நீர் சேர்த்தால் செறிவு மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் ஆகும். என் அனுபவத்தில் இது கைக்கு அடங்கிய செறிவு. நீரைச் சுவரோரமாக மெதுவாக இறக்கி, குப்பியைச் சாய்த்துச் சுற்றுங்கள். வேகமாகக் குலுக்கும் வோர்டெக்ஸ் கருவியில் வைக்கவே கூடாது, பைப்பெட்டால் மேலும் கீழும் உறிஞ்சி ஊதவும் கூடாது: நுரை எழுந்தால், நுரையின் ஒவ்வொரு குமிழிப் பரப்பிலும் புரதம் விரிந்து படிகிறது என்று பொருள். 20 நிமிடம் அறையில் வையுங்கள், இடையில் இருமுறை சாய்த்துச் சுற்றினால் போதும். மோரை ஆற்றுவது போல ஆற்ற வேண்டியதில்லை.

கரைந்த பிறகு செறிவை நீங்களே அளந்து பாருங்கள். 280 நானோமீட்டரில், 1 செ.மீ. பாதையில், மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் கரைசலின் ஒளி உறிஞ்சல் ஏறத்தாழ 1.15 காட்ட வேண்டும், 0.5 மில்லிகிராமுக்கு 0.57 அல்லது 0.58 வரும். 320 நானோமீட்டரிலும் ஒருமுறை பாருங்கள். அங்கே அளவு எழும்பினால் கரைசலில் திரண்ட துகள்கள் இருக்கின்றன. 280-இல் கண்ட எண்ணையும் நம்ப முடியாது. நிறையத் திரண்டிருந்தால் 3 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடில் பிரித்து, டயாலிசிஸ் செய்து, அதாவது சவ்வுப் பையில் வைத்துக் குவானிடினை வெளியேற்றி, மறுபடி மடியவிடலாம். விரிந்து மீண்டும் மடிவது இந்தப் புரதத்துக்கு எளிது. ஆனால் 500 மைக்ரோகிராமை வைத்துக்கொண்டு அதைச் செய்தால் பாதி டயாலிசிஸ் பையிலேயே நின்றுவிடும், ஆகவே நான் பரிந்துரைப்பதில்லை.

பிரித்து வைப்பது

மொத்தக் கரைசலையும் ஒரே குழாயில் உறையவைத்து, வாரம் ஒருமுறை உருக்கி எடுப்பது நம் ஆய்வகங்களில் சர்வசாதாரணம். அப்படிச் செய்யாமல், ஒருமுறைக்கு ஒன்று என்று சிறு பங்குகளாக, ஆய்வக வழக்கில் சொன்னால் அலிகோட்டுகளாக, பிரித்துவிடுங்கள். பங்கின் அளவை உங்கள் சோதனையே முடிவு செய்யட்டும். 24 குழித் தட்டில் குழிக்கு அரை மில்லிலிட்டர் செல் வளர்ப்பு ஊடகம், மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் அப்போ ஏ-1 என்றால், குழிக்கு 5 மைக்ரோகிராம் ஆகும். மூன்று குழிகளுக்கு 15. கீழே சொல்லப்போகும் தெளிவுச் சோதனைக்கு 10. ஆக ஒரு நாள் வேலைக்கு 25 மைக்ரோகிராம், அதாவது 50 மைக்ரோலிட்டர். பைப்பெட்டில் நிற்பதற்கென்று 5 மைக்ரோலிட்டர் கூட்டி 55-ஆக எடுத்தால் 18 பங்குகள் கிடைக்கும். புரதம் ஒட்டாத வகைக் குழாய்களையே பயன்படுத்துங்கள். அதில் மிச்சம் பிடிப்பது நஷ்டத்தில்தான் முடியும்.

மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் இருந்தால் அங்கே வையுங்கள். மைனஸ் 20 மட்டுமே இருந்தால், தானே பனி நீக்கிக்கொள்ளும் வீட்டு ஃப்ரீசரைத் தவிருங்கள். அது அவ்வப்போது தன்னைச் சூடாக்கிக்கொள்கிறது, உள்ளே இருப்பது உருகி உருகி உறையும். சோடியம் பாஸ்பேட் பஃபரில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசலில்) கரைத்து உறையவைப்பதும் நல்லதல்ல. உறையும்போது பாஸ்பேட் உப்பு தனியே படிகமாகி, மீதிக் கரைசலின் பி.எச். வெகுவாக இறங்கிவிடும். டிரிஸ் பஃபர் இந்த விஷயத்தில் பாதுகாப்பானது.

மின்சாரம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததையும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி ஊரை வெள்ளக்காடாக்கியதையும் பார்த்தவர்கள், ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் ஃப்ரீசரை முழுதாக நம்ப மாட்டார்கள். அந்த மாதங்களுக்கு முன்பு ஒரு குப்பியையாவது திறக்காமல் உலர்தூளாகவே வைத்திருங்கள். பங்குகளை இரண்டு ஃப்ரீசர்களில், முடிந்தால் இரண்டு கட்டடங்களில் பிரித்து வையுங்கள். ஒரு சிறு கோப்பையில் தண்ணீரை உறையவைத்து, அதன் மேல் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை வைத்துவிடுங்கள். விடுமுறை முடிந்து வந்து பார்க்கும்போது நாணயம் பனிக்குள் புதைந்திருந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது.

24 டிகிரிச் சோதனை

செல்களின் மேல் இடுவதற்கு முன், புரதத்துக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. டைமிரிஸ்டாயில் பாஸ்ஃபாட்டிடைல்கோலின், சுருக்கமாக டி.எம்.பி.சி., என்னும் லிப்பிடை, அதாவது கொழுப்புப் பொருளை, குளோரோஃபார்மில் கரைத்து, நைட்ரஜன் காற்றில் உலர்த்திப் படலமாக்கி, இரவு முழுவதும் வெற்றிடத்தில் வையுங்கள். மறுநாள் 10 மில்லிமோலார் டிரிஸ், 150 மில்லிமோலார் உப்பு, பி.எச். 7.4 கொண்ட பஃபரை 35 டிகிரி சூட்டில் ஊற்றி வோர்டெக்ஸில் கலக்குங்கள். இங்கே தாராளமாகக் கலக்கலாம். மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் செறிவில், தண்ணீர் விட்ட பால் போல ஒரு கலங்கல் கிடைக்கும். நல்ல அப்போ ஏ-1-ஐ அதில் விட்டால், அது லிப்பிட் உருண்டைகளைச் சிறு தட்டுகளாக வெட்டிச் சுற்றிக்கொள்ளும். கலங்கல் கண்ணெதிரே தெளியும்.

96 குழித் தட்டில் குழிக்கு 50 மைக்ரோலிட்டர் கலங்கல், 20 மைக்ரோலிட்டர் புரதம், 30 மைக்ரோலிட்டர் பஃபர். லிப்பிட் 25 மைக்ரோகிராம், புரதம் 10 மைக்ரோகிராம், விகிதம் இரண்டரைக்கு ஒன்று. 340 நானோமீட்டரில் நிமிடத்துக்கு ஒருமுறை, அரை மணி நேரம் அளவெடுங்கள். புரதம் இல்லாமல் குப்பியின் கரைப்பான் மட்டும் சேர்த்த குழி ஒன்றும், டிரைட்டன் என்னும் சவர்க்காரப் பொருள் ஒரு துளி சேர்த்து முழுதாகத் தெளியவைத்த குழி ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு சித்திரை மாதத்தில் எனக்குத் தெளியவே இல்லை. மூன்று நாள் முயன்றுவிட்டு, விற்றவருக்குக் கோபமாக ஒரு மின்னஞ்சலும் எழுதிவிட்டேன். பிறகுதான் தட்டை அளவெடுக்கும் கருவியான பிளேட் ரீடரின் திரையில் சிறிய எழுத்தில் 29 என்று இருந்ததைக் கவனித்தேன். டி.எம்.பி.சி. 24 டிகிரிக்குக் கீழே கெட்டியாகவும், மேலே இளகியும் இருக்கும். சரியாக அந்த எல்லையில் இரண்டு நிலைகளும் அருகருகே நிற்பதால், அவற்றுக்கு இடையிலான விரிசல்கள் வழியாகப் புரதத்தின் சுருள்கள் சுலபமாக நுழைகின்றன. நாலைந்து டிகிரி தள்ளிப்போனால் வேகம் படுத்துவிடும். பெரும்பாலான பிளேட் ரீடர்களால் சூடாக்க மட்டுமே முடியும், குளிர்விக்க முடியாது. அறை வெப்பத்தை விடச் சில டிகிரி மேலேதான் அவை நிலைகொள்ளும். நான் 24 என்று அமைத்திருந்தேன், ஏ.சி. பாதி வேலை செய்த அந்த அறையில் கருவிக்கு வேறு வழி இருக்கவில்லை. அறையை 20 டிகிரிக்கு இறக்கி ஒரு மணி நேரம் காத்திருந்து அதே பங்கைச் சோதித்தபோது பத்து நிமிடத்தில் தெளிந்தது. விற்றவருக்கு இரண்டாவது மின்னஞ்சல் எழுதுவது முதலாவதை விடக் கடினமாக இருந்தது.

ஏ.சி. இல்லாத ஆய்வகத்தில், கண்ணாடிக் குழாயை 24 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்து, பின்னால் அச்சிட்ட தாளைப் பிடித்து எழுத்து எப்போது தெரிகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். தொட்டியை ஐஸ் போட்டுத்தான் 24-இல் நிறுத்த வேண்டியிருக்கும்.

செல்களின் மேல்

ஏ.பி.சி.ஏ.1 இல்லாத செல்லின் மேல் அப்போ ஏ-1 இட்டுப் பயனில்லை. எலியின் ஜே774 மேக்ரோஃபேஜ்களில் (கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களில்) சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் சமிக்ஞை மூலக்கூறைக் கொடுத்து அதை முதலில் தூண்ட வேண்டும். ஊடகத்தில் கன்றுச் சீரம் இருக்கக் கூடாது, அதிலேயே மாட்டின் கொழுப்புப்புரதங்கள் நிறைந்திருக்கின்றன. ஊடகத்தில் அல்புமின் சேர்ப்பதானால், ஒப்பிடுவதற்காக அப்போ ஏ-1 இல்லாமல் வைக்கும் கட்டுப்பாட்டுக் குழியிலும் அதே அளவு சேருங்கள்.

இனி எண்டோடாக்சின். மேக்ரோஃபேஜ் அதற்கு மிகவும் கூச்சப்படும் செல். அப்போ ஏ-1-ஓ எண்டோடாக்சினைப் பிடித்துவைத்துக்கொள்ளும் புரதம். வழக்கமாக, விளைவு புரதத்தாலா எண்டோடாக்சினாலா என்று பிரித்தறியப் புரதத்தைக் கொதிக்கவைத்து ஒரு கட்டுப்பாடு வைப்பார்கள்: கொதித்தால் புரதம் சாகும், எண்டோடாக்சின் தாங்கும். இங்கே அது செல்லாது. அப்போ ஏ-1 சூட்டில் விரிந்தாலும் ஆறும்போது பெருமளவு திரும்ப மடிந்துகொள்ளும். கொதித்த பிறகும் விளைவு தெரிந்தால் யாரால் வந்தது என்று சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக, எண்டோடாக்சினைக் கட்டிப்போடும் பாலிமிக்சின் பி சேர்த்த குழிகளையும், புரதம் இல்லாமல் சான்றிதழில் கண்ட அளவு எண்டோடாக்சினை மட்டும் சேர்த்த குழிகளையும் வையுங்கள்.

சோதனை முடிந்ததும் குழாயின் அடியில் நிற்கும் அந்த 5 மைக்ரோலிட்டரை மறுபடி உறையவைக்காதீர்கள். அதில் இரண்டரை மைக்ரோகிராம் இருக்கிறது. 12 சதவீத ஜெல்லில் ஓட்டி, கூமாசி சாயமிட்டால் 28 கிலோ டால்டனை ஒட்டி ஒற்றைக் கோடு நன்றாகவே தெரியும். ஹிஸ்டிடின் வால் இருந்தால் சற்று மேலே நிற்கும். கீழே மங்கலாக இன்னும் சில கோடுகள் தெரிந்தால் புரதம் துண்டாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தத் தொகுதியின் எண்ணைக் குறிப்பேட்டில் சிவப்பில் எழுதிவிட்டு, திறக்காமல் வைத்திருக்கும் அடுத்த குப்பியை டெசிக்கேட்டரில் வையுங்கள்.